நாட்டின் வலுவும் வீட்டு விளக்கும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயமும் இலக்கியமும் பேசிப் பழகிய இந்த மேடையில் எண்ணெய், நிலக்கரி, மின்சாரம் என்று பேசத் துணிவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆனால் இந்த மண்டபத்தில் எரியும் விளக்கும், என் குரலை உங்கள் செவிக்குக் கொண்டுவரும் ஒலிபெருக்கியும், கூட்டம் முடிந்ததும் நாம் அருந்தப்போகும் தேநீரும் இந்த விடயத்தோடு தொடர்புடையன. அன்றியும், சத்தியின்றி எதுவும் அசையாது என்பது நம் பெரியோருக்குப் புதிய செய்தியன்று. அவர்கள் தத்துவமாகச் சொன்னதை இன்று உலகம் தொழிலாகச் செய்கிறது. அந்தத் தொழிலுக்குத்தான் வலுசக்திக் கைத்தொழில் என்று பெயர்.

அதன் கிளைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வதே எனக்கு இடப்பட்ட பணி. வெறும் பெயர்ப்பட்டியலாகச் சொன்னாற் கேட்ட மறுகணமே மறந்துபோகும். ஆகவே ஒவ்வொரு கிளையிடமும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டு செல்வோம். இந்த வலு எங்கிருந்து பிறக்கிறது? எவ்வழியாக நம்மை வந்தடைகிறது? இதன் விலையை யார் கொடுக்கிறார்? விலையென்று நான் சொல்வது மாதமுடிவில் வரும் மின்கட்டணத்தை மட்டுமன்று. ஒருவர் விளக்கேற்ற இன்னொருவர் தம் வயலையோ, கிணற்றையோ, ஊரையோ கொடுக்கிறார் என்றால் அதுவும் விலைதான். பெரும்பாலும் அந்த விலையைக் கொடுப்பவர் வேறு. வெளிச்சத்தை அனுபவிப்பவர் வேறு.

ஒரு யுனிற்றின் பெறுமதி

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம். ஓராயிரம் வாற்று வலு ஒரு மணிநேரம் வேலை செய்தால் அதனை ஒரு யுனிற் என்கிறோம்.

நம் தோட்டங்களில் துலா நின்ற காலத்தை இங்கிருக்கும் பெரியோர் சிலர் கண்டிருப்பீர்கள். ஒருவர் துலாவிலேறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்றுவார். இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். நல்ல தேகபலமுள்ள ஒருவர் எட்டு மணிநேரம் இடையறாது பாடுபட்டாலும் அவர் செய்யும் வேலை ஏறத்தாழ அரை யுனிற்றுக்குச் சற்று மேலாகத்தான் வரும். அஃதாவது இரண்டு பேருடைய ஒரு பகல் உழைப்பு ஒரு யுனிற். அதே யுனிற்றை ஓராயிரம் வாற்று மின்சார ஸ்திரிக்கைப் பெட்டி ஒரு மணிநேரத்திற் குடித்துவிடும்!

மலைநாட்டில் ஆயிரம் லீற்றர் நீர் 367 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் அதிலுள்ள வலுவும் ஒரு யுனிற்றே. அனல்மின் நிலையத்தில் ஒரு கிலோ நிலக்கரியை எரித்தால் ஏறத்தாழ இரண்டரை யுனிற் கிடைக்கும். ஒரு லீற்றர் மண்ணெண்ணெயிற் சுமார் பத்து யுனிற்றுக்குரிய வெப்பம் இருக்கிறது. சிறிய எஞ்சின் அதில் ஐந்திலொரு பங்கையே உழைப்பாக மாற்றும். அப்படியிருந்தும் அந்த ஒரு லீற்றர் நான்கு பேருடைய ஒரு நாள் உழைப்புக்குச் சமம். கடந்த நூற்றாண்டின் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் குடாநாட்டுக்கு வந்ததும் துலாக்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்ததற்கு இந்தக் கணக்கே காரணம். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் முன்னிலும் பரந்த நிலத்தில் விளைந்தன. அதற்கும் ஒரு விலை இருந்தது. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

விறகும் பனையும்

கிளைகளுள் மூத்தது விறகு. இலங்கையிற் பல இலட்சம் வீடுகளில் இன்றும் அடுப்பெரிவது விறகினால்தான். கம்பனியும் விளம்பரமும் இல்லாததால் இதனை ஒரு கைத்தொழிலாக நாம் எண்ணுவதில்லை. நம் பனை மரமோ ஒரு முழு எரிபொருட் களஞ்சியம். காவோலை, கங்குமட்டை, பன்னாடை, கொக்கறை எல்லாம் அடுப்புக்கு உதவும். கிழங்கு கிண்டியபின் எஞ்சும் ஊமல் கரியாகும். அந்தக் கரிதான் முன்பு ஸ்திரிக்கைப் பெட்டிக்குள் தணலாக இருந்தது.

இது எங்கிருந்து பிறக்கிறது என்றால் நம் வேலிக்குள்ளேயே பிறக்கிறது. எவ்வழி வருகிறது என்றால் தலைச்சுமையாக வருகிறது. விலையை யார் கொடுக்கிறார் என்றால், புகையடைந்த குசினியில் நின்று இருமும் நம் தாய்மார் கொடுக்கிறார்கள். இந்த விலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை.

எண்ணெயும் எரிவாயுவும்

1859ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பென்சில்வேனியா மாநிலத்தில் எட்வின் டிரேக் என்பவர் துளையிட்டு எண்ணெய் எடுத்ததை இந்தக் கிளையின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அதன்பின் இலுப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் எரிந்த விளக்குகளில் உலகமெங்கும் மண்ணெண்ணெய் புகுந்தது. மோட்டார் வண்டி வந்ததும் பெற்றோல் அரசாளத் தொடங்கிற்று.

இத்தொழிலில் மூன்று படிகள் உண்டு. மண்ணுக்கடியிலிருந்து மசகெண்ணெயை எடுப்பது முதற்படி. அதனைக் கப்பலிலும் குழாயிலும் கொண்டுசெல்வது இரண்டாம் படி. சுத்திகரித்து விற்பது மூன்றாம் படி. மசகெண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது இலேசான வாயு முதலிலும், பின்னர் பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் என்பனவும் பிரிந்து, கடைசியில் உலை எண்ணெயும் தாரும் மிஞ்சும். நாம் குசினியிற் பாவிக்கும் எரிவாயுவும் நம் றோட்டுக்குப் போடும் தாரும் ஒரே தாயின் பிள்ளைகள்!

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் சட்டத்தினால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1969இல் ஈரானின் உதவியோடு சப்புகஸ்கந்தையிற் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிற்று. ஆனாற் சுத்திகரிக்க வேண்டிய எண்ணெய் ஒரு துளியும் நம் மண்ணில் எடுக்கப்படுவதில்லை. 2021 நவம்பரில் மசகெண்ணெய் வாங்க வெளிநாட்டுச் செலாவணியின்றி அந்த நிலையம் மூடப்பட்டது. திருகோணமலையில் பிரித்தானியர் கட்டிய ஏறக்குறைய நூறு எண்ணெய்த் தாங்கிகள் உண்டு. 1942 ஏப்ரிலில் யப்பானியர் குண்டுவீசியபோது ஒன்று எரிந்தழிந்தது. எண்ணெய் இருக்கும் இடத்தை நோக்கி யுத்தமும் வரும் என்பதற்கு அது சாட்சி.

2011இல் மன்னார்க் கடற்படுகையில் இயற்கை எரிவாயு இருப்பது துளையிட்டுக் கண்டறியப்பட்டது. கடலுக்கடியிற் கிடக்கும் செல்வம் வேறு. நம் அடுப்பில் எரியும் செல்வம் வேறு. இடையிற் பெருமுதலும் நுட்பமும் பல வருட உழைப்பும் வேண்டும்.

எண்ணெயின் விலையை யார் கொடுக்கிறார்? 2022இல் பெற்றோல் நிலையங்களின் முன்னால் நாட்கணக்காக வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கொடுத்தார்கள். எல்லோரிலும் அதிகம் கொடுத்தவர்கள் நம் கடற்றொழிலாளர்கள். அவ்வாண்டு ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறிற்று. கடலிலே மீன் இருந்தும் கரையிலே வள்ளம் கிடந்தது.

நிலக்கரியும் அணுவும்

புகைவண்டியையும் நீராவிக் கப்பலையும் ஓட்டி ஐரோப்பாவின் கைத்தொழிற் புரட்சியை நடத்தியது நிலக்கரி. தமிழகத்தில் நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் ஆக்குகிறார்கள். அங்கே 1956இல் நிறுவனம் தொடங்கப்பட்டது. இலங்கையில் நிலக்கரி இல்லை. ஆயினும் கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் மூன்று இயந்திரங்களோடு 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் நிற்கிறது. முதல் இயந்திரம் 2011இலும், மற்றவை 2014 முடிவதற்குள்ளும் இயங்கத் தொடங்கின. நாட்டின் மின்சாரத்திற் பெரும் பங்கை இந்த ஒரே நிலையம் தருகிறது. அதற்குரிய கரி கடல்கடந்து வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிப்பதால் கப்பலிலிருந்து கரி இறக்க முடியாது. ஆகவே புரட்டாதி தொடங்கிச் சித்திரை வரையிலான காலத்தில் வருடம் முழுவதற்கும் வேண்டியதை இறக்கிக் குவித்துக்கொள்ள வேண்டும். குவியலிலிருந்து பறக்கும் கரித்தூசியும் எரிந்தபின் எஞ்சும் சாம்பலும் அவ்வூர்க் கமக்காரருக்கும் கடற்றொழிலாளருக்கும் போகின்றன. புகைபோக்கியிலிருந்து செல்லும் கரியமிலவாயுவோ உலகம் முழுவதற்கும் பொதுச்சொத்து.

அணுசத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கிராம் யுரேனியம் 235 பிளவுண்டால் ஏறத்தாழ மூன்று தொன் நிலக்கரியின் வெப்பம் வரும். மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாற்று உலைகள் இரண்டு இயங்குகின்றன. அங்குள்ள மீனவ மக்கள் நீண்டகாலம் எதிர்ப்புத் தெரிவித்ததும் நாம் அறிந்ததே. புகையில்லாத வலுவானாலும், எஞ்சும் கதிர்வீச்சுக் கழிவை எத்தனையோ தலைமுறைகள் காவல் காக்கவேண்டும். இங்கே விலையைக் கொடுப்பவர் இன்னும் பிறக்கவில்லை.

நீரின் வலு

இலங்கையின் சொந்த வலுவென்று பெருமையாகச் சொல்லத்தக்கது நீர்மின். அதன் கதையில் நம் இளைஞர் மனத்திற் பதிக்கவேண்டிய ஒரு மனிதர் உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டில், மஸ்கெலியா ஓயா, கெகல்கமு ஓயா என்ற மலையாறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கிட்டுப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். ஆண்டவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1931இல் அரசாங்க சபைக்கும் தெரிவாகி அங்கும் தம் எண்ணத்தை வற்புறுத்தினார். இலக்சபானை மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். கட்டுரைக்கும் விளக்குக்கும் இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள்! அவர் 1953இற் காலமானார். தம் கனவு ஒளிர்வதைக் கண்ணாற் கண்டபின்னரே கண்மூடினார்.

1969இல் இலங்கை மின்சார சபை அமைந்தது. பின்னர் மகாவலித் திட்டத்தில் விக்ரோறியா, கொத்மலை, ரந்தெனிகல என்ற பெருநிலையங்கள் எழுந்தன. விக்ரோறியா மட்டும் 210 மெகாவாற்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாட்டின் மின்சாரத்திற் பத்திலொன்பது பங்குக்கு மேல் நீரிலிருந்தே கிடைத்தது. ஆனால் வானம் பொய்த்தால் நீர்மின்னும் பொய்க்கும். 1996இன் வரட்சியில் நாடு முழுவதும் மணிக்கணக்காக இருண்டு கிடந்தது.

விலை? விக்ரோறியா நீர்த்தேக்கத்துக்குள் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிற்று. கொத்மலையிற் கிராமங்கள் மூழ்கின. அதுமட்டுமன்று. மலைச்சரிவுகளில் உயர் அழுத்தக் கம்பிகள் தோட்டங்களுக்கு மேலாகவே செல்கின்றன. அக்கம்பிகளின் கீழே கொழுந்து பறித்த மக்களின் லயன்கள் பலவற்றுக்கு விளக்கு வந்ததோ பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. ஊருக்கு ஒளி தந்த மலையில் அவர்கள் இருளில் இருந்தார்கள்.

காற்றும் ஞாயிறும்

காற்றின் வலுவை யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சோளகமும் வாடையும் கச்சானும் கொண்டலும் நம் வாயிற் பழகிய பெயர்கள். வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் வல்வை மாலுமிகளோடு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்ததும் காற்றின் வலுவினால்தான்.

காற்றாலையின் நுட்பத்தில் ஒரு சிறப்பான விதி உண்டு. காற்றின் வேகம் இருமடங்கானால் வலு இருமடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. ஆகவே இடத்தெரிவே முக்கியம். மன்னாரில் முப்பது காற்றாலைகளோடு 103.5 மெகாவாற்றுத் தம்பபவனி 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. பளைப் பக்கத்திலே வெளியே நிற்கும் காற்றாலைகளை, கொழும்புக்குப் போகும் வழியில் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மன்னாரிலும் பூநகரியிலும் பெருந்திட்டமொன்றைத் தொடங்கவிருந்த இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். வெள்ளநீர் வழிந்தோடும் பாதை தடைப்படுகிறது, தொழில் பாதிக்கிறது, வலசை வரும் பறவைகளுக்கு ஆபத்து என்பன அவர்கள் முறைப்பாடு. தூய வலுவென்றாலும் அதனை நாட்டும் இடத்து மக்களைக் கேளாமல் நாட்டினால், விலைகொடுப்பவரும் அனுபவிப்பவரும் வேறாகும் பழைய கதைதான் மறுபடியும் நடக்கும்.

சூரியனைப் பற்றிச் சொன்னால், ஒரு கிலோவாற்றுச் சூரியப் படல் நம் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரி நான்கு யுனிற் அளவில் தரும். துலாக் கணக்கில் எட்டுப்பேருடைய உழைப்பு! 2016இல் அரசு தொடங்கிய கூரைச் சூரியத் திட்டத்தின்பின் படல்கள் ஊரூராகப் பரவின. ஆனால் நமக்கு விளக்கு வேண்டிய மாலையில் ஞாயிறு மறைந்துவிடுகிறது என்பதே இதன் குறை.

கம்பியிற் செல்லும் வலு

இவ்வளவு கிளைகளையும் இணைக்கும் அடிமரம் மின்சாரம். மின்சாரம் தானாகக் கிடைக்கும் வலுவன்று. வேறொரு வலுவைச் சுமந்து வரும் வண்டி. அந்த வண்டிக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. ஆக்கப்படும் அளவும் பாவிக்கப்படும் அளவும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்கவேண்டும். சமமாக இருந்தால் மின்னோட்டம் செக்கனுக்கு ஐம்பது முறை ஒழுங்காக அலையும். சமநிலை குலைந்தால் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொள்ளும்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தீண்டியதால் நாடு முழுவதும் இருண்டது என்ற செய்தியைக் கேட்டு நாம் சிரித்தோம். சிரிப்புக்குப் பின்னால் ஒரு பாடம் இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கந்தோர்களும் தொழிற்சாலைகளும் ஓய்ந்திருக்க, கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் நிறைய வந்துகொண்டிருந்தது. பெருஞ்சுழலிகள் சுழலும்போது அவற்றின் பாரமே ஒரு சிறிய அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். சாதாரண சூரியப் படலுக்கு அந்தப் பாரம் இல்லை. அதனாற் சிறு பிழை பெரும் பிழையாயிற்று. அடுத்து வந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிற் கூரைப்படல்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. வலு போதாமல் வருந்திய நாடு, வலு மிகுந்து வருந்தும் காலமும் வந்துவிட்டது! பகலில் மிகுவதை இரவுக்குச் சேமிக்கும் மின்கலவடுக்குகளும், நீரை மேலேற்றி வைத்து வேண்டும்போது இறக்கும் தேக்கங்களும் இனி இத்தொழிலின் முக்கிய கிளையாகும்.

குடாநாட்டின் கதை

இனி நம் வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை, மலை இல்லை, நிலக்கரி இல்லை, எண்ணெய் இல்லை. நமக்கு வரும் வலு பெரும்பாலும் நெடுந்தூரம் கடந்தே வரும். வழி அடைபட்டால் என்னவாகும் என்பதை எங்கள் பெற்றோர் 1990க்குப் பின்வந்த ஆண்டுகளிற் கண்டார்கள். மின்கம்பி அறுந்தது, எரிபொருளுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும் இட்டு அதன் ஒளியிற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சில துளி பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அவை துன்பத்தின் சின்னங்கள். அதேவேளை, வலுவை ஆக்கும் அறிவு நம் கையில் இருக்கிறது என்பதற்குச் சான்றுகளுங்கூட.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டீசல் மின்பிறப்பாக்கிகளால் வெளிச்சம் பகுதி பகுதியாகத் திரும்பிற்று. 2009இல் யுத்தம் முடிந்தபின் வவுனியா, கிளிநொச்சி வழியாக உயர் அழுத்தக் கம்பி சுன்னாகத்தை மறுபடியும் வந்தடைந்தது. 2013இற் சுன்னாகத்தில் உத்துரு ஜனனி என்ற 24 மெகாவாற்று மின்நிலையமும் திறக்கப்பட்டது.

அந்தச் சுன்னாகத்திலேதான் நாம் மறக்கக்கூடாத ஒன்றும் நடந்தது. அங்கு ஒரு தனியார் கம்பனி எண்ணெயால் இயங்கும் மின்நிலையமொன்றை நடத்தியது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கத் தொடங்கிற்று. நம் நிலம் சுண்ணக்கல் நிலம். வெடிப்பும் குகையும் நிறைந்தது. மேலே சிந்துவது கீழே இறங்கிப் பரவத் தாமதமில்லை. குடாநாட்டின் நன்னீரோ உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. நமக்கு முதன்மையான நீர் அதுவே. மக்கள் வவுசர்த் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரிலில் நீதிமன்றம் அந்தக் கம்பனியைப் பொறுப்பாளியாகக் கண்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 20 மில்லியன் ரூபா நட்டஈடு கொடுக்கத் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது நன்றே. ஆனால் பணம் கிணற்றைக் கழுவுமா? யாழ்ப்பாணம் முழுவதற்கும் வெளிச்சம் கிடைத்தது. விலையைச் சுன்னாகத்துக் கிணறுகள் கொடுத்தன.

முன்னர் சொல்லாமல் விட்ட விலையை இப்பொழுது சொல்கிறேன். துலா போய் இயந்திரம் வந்ததும், ஊற்று ஊறும் வேகத்திலும் அதிகமாக நீரை இறைத்தோம். பல கிணறுகள் உவரானதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று சூரியப் படலில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் வருகின்றன. வரவேற்கவேண்டியவையே. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். மண்ணெண்ணெய்க்குக் காசு கொடுத்தபோது, காசு போகிறதே என்றாவது இயந்திரத்தை நிறுத்தினோம். சூரியன் காசு கேட்பதில்லை. இலவச வலு கிடைத்துவிட்டதென்று பகல் முழுதும் இறைத்தால் கிணறுதான் அந்தக் கடனைக் கட்டும். ஆகவே சூரிய இயந்திரத்தோடு சொட்டுநீர்ப் பாசனமும், இறைப்பளவைக் கட்டுப்படுத்தும் ஒழுங்கும் சேர்ந்தே வரவேண்டும்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. தீவுகளுக்கு நீண்டகாலமாக டீசல் இயந்திரமே மின்சாரம் தந்தது. அந்த டீசலும் படகில் ஏறிப் போகவேண்டும். எழுவைதீவிற் காற்று, சூரியன், மின்கலவடுக்கு, டீசல் நான்கையும் இணைத்த சிறிய தொகுதி முன்னரே அமைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இவ்வாறான தொகுதிகளை இந்திய நன்கொடையில் அமைக்க 2024 மார்ச்சில் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. பெருங்கம்பிக்குக் காத்திராமல் தன் காற்றையும் வெயிலையும் கொண்டு ஒரு தீவு தன் விளக்கை ஏற்றலாம் என்பது சிறிய செய்தியன்று.

இளைஞர் செய்யத்தக்கவை

2030இல் நாட்டின் மின்சாரத்தில் எழுபது வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு. காற்றும் வெயிலும் நிறைந்த வடபகுதியை நோக்கிப் பலர் வருவார்கள் என்பதற்கு ஐயமில்லை. வருபவர்களை எதிர்ப்பதோ வாழ்த்துவதோ நம் முதல் வேலையன்று. கணக்கோடு கேள்வி கேட்க அறிந்திருப்பதே முதல் வேலை. அதற்கு மூன்று விண்ணப்பங்களைச் சபைமுன் வைக்கிறேன்.

முதலாவது, தொழிலைக் கற்போம். கிளிநொச்சி அறிவியல் நகரில் நம் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. படல் பூட்டவும், காற்றாலை பழுதுபார்க்கவும், மின்கலத்தைப் பேணவும் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் வேண்டும். உத்தியோகமென்றால் மேசையும் நாற்காலியும்தான் என்ற எண்ணம் நம்மை விட்டு நீங்கவேண்டும். எட்டு யார் உயரத்தில் ஏறிக் கம்பி பூட்டுபவரின் கல்வியும் கல்வியே.

இரண்டாவது, அளப்போம். நம் சங்கமே தொடக்கலாம். கோயில்களிலும் பாடசாலைகளிலும் மாதம் எத்தனை யுனிற் செலவாகிறது, கிணற்று நீர் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு உவர்க்கிறது என்று எழுதிவைப்போம். திருவிழாக்காலத்து ஒளியலங்காரத்திலும் ஒலிபெருக்கியிலும் எவ்வளவு குறைக்கலாம் என்று பெரியோரே சொல்லட்டும். சேமித்த யுனிற், ஆக்கிய யுனிற்றுக்குச் சமம். அதற்கு அணையும் வேண்டாம், கரியும் வேண்டாம்.

மூன்றாவது, கேட்போம். எந்தத் திட்டம் வந்தாலும் அந்த மூன்று கேள்விகளையும் கேட்போம். சுன்னாகத்துக்காக மட்டுமன்றி, நுரைச்சோலைக்காகவும் மன்னாருக்காகவும் மலையகத்துக்காகவும் கேட்போம். நம் கிணற்றுக்காக அழுத நாம், நம் விளக்குக்காகப் பிறருடைய மூச்சிற் கரித்தூள் விழுவதைப் பாராமுகமாக இருத்தல் அறமாகாது.

விமலசுரேந்திர கட்டுரை வாசித்தபோது அவர் கையில் இருந்தது ஒரு கணக்கு மட்டுமே. அந்தக் கணக்கு சரியாக இருந்தது. அவரும் அதனைக் கைவிடவில்லை. ஆறும் கரியும் இல்லாத நம் குடாநாட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: வெயில் இவ்வளவு, காற்று இவ்வளவு, நீர் இவ்வளவுதான் என்று. அதனை ஒழுங்காக எழுதும் பொறுப்பு நம் தலைமுறையுடையது. அந்தக் கணக்கிற் கிணற்று நீரை முதல் வரியில் எழுதுவோமாக.